முப்பத்தேழாம் துளை

மார்ச் 3
தலைமை அலுவலக ஆய்வகம்

அண்ணனுக்கு,

இரண்டு வருடம் கழித்து எழுதும் கடிதத்தை மணல் பைகளைப் பற்றி ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் முகாமிலிருந்து லாரியில் வந்த பைகளில் முப்பத்தேழாம் துளையின் பைகள் இப்போது என் மேசைமேல் இருக்கின்றன. கிழக்கு வரிசையில் உங்கள் ஆட்கள் போட்ட பன்னிரண்டு துளைகளில் பதினொன்று பத்தொன்பது மீட்டரில் நின்றிருக்கின்றன. முப்பத்தேழு மட்டும் முப்பத்துமூன்று மீட்டர் போயிருக்கிறது.

விதி உங்களுக்குத் தெரியாததல்ல. பழுப்புக் களிமண் வந்தால் தொடரலாம். வெள்ளைக் களி வந்தால் அதுதான் அடித்தரை, அதில் இரண்டு மீட்டர் போனதும் நிறுத்திவிட வேண்டும். அந்த விதித்தாளில் கையெழுத்துப் போட்டவளே நான்தான். முப்பத்தேழில் பதினேழாவது மீட்டரிலேயே வெள்ளைக் களி வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஏன் பதினாறு மீட்டர் போனீர்கள்? அப்போது துளை போடும் ரிக் பக்கத்தில் நின்றது யார்? பைகளை நிரப்பியது யார்?

முகாமில் போன் எடுப்பதில்லை. தவிர, சந்தேகத்துக்கு இடமான மாதிரிகளைப் பற்றிய கடிதம் எதுவானாலும் அதன் நகல் கோப்பில் இருக்க வேண்டும் என்பது இங்கே நடைமுறை. அதனால் கார்பன் வைத்து எழுதுகிறேன். பதிலை லாரி ஓட்டுநரிடமே கொடுத்து அனுப்புங்கள்.

தங்கை

---

மார்ச் 7
முகாம்

தங்கச்சிக்கு,

கடிதம் வந்தது. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதுகிறாய். அடுத்த தடவை பெரிய எழுத்தாக, கறுப்பு மையில் எழுது. இந்த நீல மை எனக்குப் பிடிக்கவில்லை.

முப்பத்துமூன்று மீட்டர் போனது உண்மை. போகலாம் என்று தோன்றியது, போனேன். பதினெட்டு வருடமாக ரிக் பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒரு நாள் அப்படித் தோன்றக் கூடாதா? நின்றது நான். நிரப்பியது என் ஆட்கள். மீட்டருக்கு ஒரு பை, எண் போட்டு, வாய் கட்டி. வேறென்ன வேண்டும்?

நான் ஒன்று கேட்கிறேன். நகலைக் கோப்பில் வைப்பேன் என்கிறாய். அதை யார் யார் படிக்கிறார்கள்? முன்பு இங்கே ரிக்கில் இருந்த தாடிக்கும் முதல் கடிதம் இப்படித்தான் சாதுவாகப் போட்டாயா? அவன் ஒரே குவியலிலிருந்து பத்துப் பை நிரப்பினான் என்று நீ எழுதிய அறிக்கையோடு அவன் பிழைப்பு போயிற்று. அவன் செய்தது தப்புதான். ஆனால் அவன் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தவள் நீ. இங்கே உனக்குப் பெயரே போலீஸ்காரி.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். அதுவும் கோப்பில் ஏறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணன்

---

மார்ச் 10
ஆய்வகம்

அண்ணனுக்கு,

பெரிய எழுத்து, கறுப்பு மை. கேலியாகக் கேட்டீர்களா, நிஜமாகக் கேட்டீர்களா என்று தெரியவில்லை. கேட்டதைச் செய்துவிட்டேன்.

இப்போது வெளிப்படையாகவே சொல்கிறேன். முப்பத்தேழில் பதினான்கு மீட்டரிலிருந்து பதினேழு வரை நாம் தேடும் கறுப்பு மணல் வருகிறது. வரிசை முழுக்க அப்படித்தான், அதில் சண்டை இல்லை. பிறகு களி. பிறகு மஞ்சள் மணல். பிறகு இருபத்தொன்பதிலிருந்து முப்பத்திரண்டு வரை மறுபடியும் கறுப்பு மணல். இரண்டையும் தட்டில் அலசினேன். கண்ணாடிக்கு அடியில் வைத்து இரண்டு நாள் எண்ணினேன். இல்மனைட், கார்னெட், சிர்கான் என்று அதிலுள்ள தாதுக்கள் எல்லாம் ஒரே விகிதம். மணிகளின் பருமன் ஒன்று. முனை மழுங்கிய விதம்கூட ஒன்று. ஒரு கடற்கரையில் அலை ஒதுக்கும் மணலும் இன்னொரு கடற்கரையில் ஒதுக்கும் மணலும் இப்படி அச்சாக ஒத்துப் போகாது. ஒரே குவியலிலிருந்து இரண்டு தடவை அள்ளினால்தான் இப்படி வரும்.

காரணமும் எல்லோருக்கும் தெரியும். மார்ச் 31-க்குள் நான் அறிக்கை கொடுக்க வேண்டும். கிழக்கே இதற்குமேல் ஒன்றும் இல்லை என்றால் முகாமைக் கலைத்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆழத்தில் இன்னோர் அடுக்கு இருக்கிறது என்றால் முகாம் இருக்கும். மேற்கே நிறுவனம் மணல் தோண்டும் குழியில் கறுப்பு மணல் கிடைப்பதும் இருபத்தொன்பது மீட்டரில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். மேலாளர் நேற்று என்னிடம், "உங்க அண்ணன்கறதுக்காகத் தள்ளிப் போடாதீங்க"ன்னு சொன்னார். போலி என்று நான் எழுதினால் எந்த நிறுவனமும் உங்களை ரிக் பக்கமே சேர்க்காது. அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

இந்தப் பத்திக்கு மட்டும் கார்பன் தாளை உருவிவிட்டேன். போன கடிதத்தின் கீழே, நகல் எடுத்த பிறகு, பென்சிலில் ஒன்று எழுதியிருந்தேன். அதற்கு ஒரு வார்த்தை பதில் இல்லை. பதில் இல்லாததையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதானா?

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை.

தங்கை

---

மார்ச் 14
முகாம்

தங்கச்சிக்கு,

நீ சொன்ன பிறகு அந்தப் பழைய கடிதத்தை எடுத்து வெயிலில் நின்று பார்த்தேன். கீழே ஒன்றும் இல்லை. உன் கையெழுத்து, அதற்கு அப்புறம் வெறும் தாள். எழுதாததை எழுதினேன் என்று சொல்லி என்னை எதில் மாட்டிவிடப் பார்க்கிறாய்? 'பென்சிலில் கேட்டேன், பதில் சொல்லாமல் மறைத்துவிட்டான்' என்று அறிக்கையில் போடவா?

நான் அள்ளி நிரப்பவில்லை. இதை ஒரு தடவைதான் சொல்வேன்.

துணியில் சுற்றி ஒரு களிக்கட்டி அனுப்புகிறேன். முப்பத்தேழில் ராடுகளைத் தூக்கும்போது ஒட்டிக்கொண்டு வந்தது. கழுவும்போது கையில் தட்டுப்பட்டது. ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று இருக்கிறது, சோப்புக் கட்டி தேய்ந்த மாதிரி. எத்தனையோ துளை போட்டிருக்கிறேன், இப்படி ஒன்று என் கையில் பட்டதில்லை. இதை எந்தக் குவியலிலிருந்து அள்ளினேன் என்று சொல்லு பார்க்கலாம்.

மேலாளர் உன்னிடம் என்ன சொன்னார் என்று எழுதினாய். நீ அவரிடம் என்ன சொன்னாய் என்று எழுதவில்லை.

அண்ணன்

---

மார்ச் 17
ஆய்வகம்

அண்ணனுக்கு,

என் கையால் எழுதியதை எழுதவே இல்லை என்று சாதிக்கிறீர்கள். அந்த வரியை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியாது. இனி அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

களிக்கட்டி வந்தது. ஆழம் எழுதாத கட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? காகிதம் பறக்காமல் இருக்க ஜன்னலோரம் வைத்திருக்கிறேன்.

உங்கள் வேலைத்தாள்களை எல்லாம் வரவழைத்துப் பார்த்தேன். கொஞ்ச நஞ்சம் இருந்த நம்பிக்கையும் அதில் போயிற்று. முப்பத்தேழு போட்டது பிப்ரவரி 9-ஆம் தேதி. கிழக்கு வரிசை வேலை நடந்த நாட்களில் உங்கள் உதவியாள் நெட்டை லீவு போட்டது அந்த ஒரே நாள். வழக்கமாக அவர்தான் உங்கள் பக்கத்தில் நின்று பைகளைப் பார்ப்பார். அவர் இல்லாத நாளாகப் பார்த்து ஒரு துளை மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆழம் போகிறது. இதை வேறு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன்?

இன்னொன்று. பதினேழாவது மீட்டருக்கு எதிரே உங்கள் கையெழுத்தில் 'பழுப்புக் களி' என்று இருக்கிறது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது, எல்லாவற்றுக்கும் பழுப்பு. அதே எண் போட்ட பைகளை என் மேசையில் கொட்டிப் பார்த்தேன். எல்லாம் பால் வெள்ளை. தாளில் ஒன்று, பையில் ஒன்று. அப்படியானால் நீங்கள் தாளில் எழுதிய மண் எங்கே போயிற்று? இந்தப் பைகளில் இருப்பது எங்கிருந்து வந்தது?

உங்கள் கடிதங்களும் பழைய மாதிரி இல்லை. முன்பெல்லாம் பக்கம் பக்கமாக வம்பளப்பீர்கள். இப்போது ஒரு பக்கத்துக்கு ஆறு வரி, அதுவும் கோணல் மாணலாக. மறைக்க இருக்கிறவர்கள்தான் இப்படி அளந்து எழுதுவார்கள் என்று ஆய்வகத்தில் ஒருவர் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை.

இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது.

தங்கை

---

மார்ச் 21
முகாம்

தங்கச்சிக்கு,

இதை நான் சொல்லச் சொல்ல நெட்டை எழுதுகிறான். எனக்குக் கையில் சுளுக்கு.

உன் கடிதத்தையும் அவனையே படிக்கச் சொன்னேன். படித்து முடித்துவிட்டு அவன் எழுந்து வெளியே போய்விட்டான். கூட வேலை செய்கிறவன் முன்னால் என் சொந்தத் தங்கை என்னைத் திருடன் என்று எழுதியதைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உனக்குத் திருப்தியா?

பழுப்பு என்று எழுதியது நான்தான். அதை மாற்றி எழுதச் சொன்னால் எழுத மாட்டேன். ஏன் பழுப்பு என்று எழுதினேன் என்றும் சொல்ல மாட்டேன். அள்ளி நிரப்பினேனா என்று கேட்டால் இல்லை. அவ்வளவுதான் என் பதில்.

31-ஆம் தேதி எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள். ஒரே ஒரு உதவி செய். அம்மாவிடம் நீயாகச் சொல்லாதே. நான் வந்து சொல்லிக்கொள்கிறேன்.

இது நெட்டை எழுதுவது, அக்கா. கையில் சுளுக்கு ஒன்றும் இல்லை. இதற்குமேல் எழுதினேன் என்று தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவார்.

அண்ணன்

---

மார்ச் 25
ஆய்வகம்

அண்ணா,

இந்தக் கடிதத்துக்கு நகல் இல்லை. கார்பன் தாளை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு எழுதுகிறேன். நெட்டையைப் படிக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், அவருக்கு எல்லாம் தெரியும்.

நெட்டை தன் பங்குக்கு எழுதிச் சேர்த்த வரிகளுக்குக் கீழேயே நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அந்த வரிகள் உங்கள் கண்ணில் பட்டிருந்தால் தாளையே கிழித்திருப்பீர்கள். அதைப் பார்த்ததும் உங்கள் கடிதங்களை எல்லாம் மறுபடி எடுத்துப் படித்தேன். பெரிய எழுத்து, கறுப்பு மை, வெயிலில் பிடித்துப் பார்த்தும் தெரியாத பென்சில், வெள்ளையைப் பழுப்பு என்று எழுதிய தாள், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அன்று மத்தியானமே அண்ணி வீட்டுக்குப் போனேன். "போன தடவை வந்தப்போ காப்பி டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு, இதுல பால் ஊத்தினியான்னு கேட்டாரு. கிண்டல் பண்றாருன்னு நெனச்சேன்"ன்னு சொன்னாங்க. சொல்லிவிட்டு அண்ணி அழுதார்கள். நானும் அழுதேன்.

கண்ணில் புரை விழுந்தால் வெள்ளை எல்லாம் பழுப்பாகத்தான் தெரியுமாம். இங்கே ஒரு கண் டாக்டரிடம் கேட்டேன். எத்தனை நாளாக, அண்ணா? நெட்டை பக்கத்தில் நின்று நிறத்தைச் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அவர் லீவு போட்ட நாளில் வெள்ளைக் களி உங்களுக்குப் பழுப்பாகத் தெரிந்தது. பை நிரப்பும் ஆட்கள் உங்களைத் தாண்டி நிறம் சொல்ல மாட்டார்கள். பழுப்பு வந்தால் தொடரலாம் என்பது விதி. தொடர்ந்தீர்கள். ஏதோ தோன்றியதால் போகவில்லை.

இப்போது மணலைப் பற்றி. ஜன்னலோரம் கிடந்த உங்கள் கட்டியை நேற்றுத்தான் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு வாரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து உங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த வழவழப்பான பக்கத்தில் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் இருக்கின்றன. நிலம் நிலத்தின்மேல் உராய்ந்து நகர்ந்த தடம் அது. அங்கே பூமி உடைந்திருக்கிறது. நிலப்பிளவின் கிழக்குப் பக்கம், அடியிலிருந்த களியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, மேற்குப் பக்கத்தின் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. மேசைமேல் இரண்டு நோட்டுகளை எதிரெதிராகத் தள்ளிப் பார்த்தேன். ஒன்று மற்றொன்றின்மேல் ஏறியது. ஏறிய இடத்தில் மேலிருந்து ஊசியால் குத்தினால் அட்டை இரண்டு தடவை வரும். உங்கள் ரிக் ஒரே கறுப்பு அடுக்கை இரண்டு தடவை குத்தியிருக்கிறது. மணி மணியாக ஒத்துப் போனதற்குக் காரணம் அதுதான். எதை வைத்து உங்களைத் திருடன் என்றேனோ, அதுவே நீங்கள் திருடவில்லை என்பதற்குச் சாட்சி.

மேற்கே இருபத்தொன்பதில் கிடைக்கிற மணல் கிழக்கு வரிசையில் ஏன் பதினான்கிலேயே கிடைக்கிறது என்று யாராவது முன்பே கேட்டிருக்க வேண்டும். பழைய கடற்கரை அங்கே மேடாக இருந்தது என்று நான்தான் சுலபமாக எழுதி முடித்தேன். அதற்கும் கிழக்கே மணல் திடீரென்று காணாமல் போவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். ஏறிய பக்கம் மேலே வர வர மழையும் காற்றும் அரித்துக்கொண்டு போயிருக்கும். வரிசை அந்தப் பிளவை ஒட்டியே ஓடுகிறது. பதினொரு துளையையும் என் விதிப்படி பத்தொன்பதில் நிறுத்தி, கீழே இருந்ததை விட்டுவிட்டோம். மேற்குக் குழியைக் கிழக்கே நீட்டி அந்தக் களிவரைக்கும் தோண்டியிருந்தால் கிழக்குச் சுவர் முழுவதும் இந்த வழவழப்பின்மேல்தான் நின்றிருக்கும். ஒரு மழைக்கு வழுக்கிக்கொண்டு வந்து விழும். உள்ளே ஆட்கள் நிற்பார்கள்.

ஆனால் மேலாளர் கேட்கப் போகும் முதல் கேள்வி, விதியை மீறி ஏன் போனார் என்பதுதான். கண் என்று சொன்னால் அன்றைக்கே உங்களை ரிக்கிலிருந்து இறக்கிவிடுவார்கள். ஒரு வருடமாக நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள்களை எல்லாம் தோண்டுவார்கள். சொல்லாவிட்டால் போலி. அதனால் இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். பிப்ரவரி 6 என்று தேதி போட்டிருக்கிறேன். முப்பத்தேழாம் துளையைச் சோதனைக்காக முப்பத்துமூன்று மீட்டர் வரை போடும்படி நான் உங்களுக்கு எழுதிய உத்தரவு. இதை முகாம் கோப்பில் பழைய தாள்களுக்கு நடுவே வைத்துவிடுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பென்சிலில் எழுதியதை இப்போது திரும்பச் சொல்ல மாட்டேன். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒரு நாள் நீங்களே படியுங்கள்.

தங்கை

---

மார்ச் 28
முகாம்

தங்கச்சிக்கு,

நானே எழுதுகிறேன். எழுத்து பெரிது பெரிதாக இருக்கும், பொறுத்துக்கொள்.

நெட்டை படித்தான். முடித்ததும் இந்தத் தடவை நான்தான் வெளியே போனேன்.

ஒன்றரை வருடமாகிறது. முதலில் கண்ணாடியில் தூசி என்று நினைத்தேன். அப்புறம் தெரிந்துபோயிற்று. கண்ணில் கத்தி வைப்பார்கள் என்ற பயம் ஒரு பக்கம். கண் சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் திரும்ப ரிக்குக்கு விட மாட்டார்கள் என்ற பயம் இன்னொரு பக்கம். எனக்கு வேறு தொழில் தெரியாது. அதைவிட, இந்த ஆட்கள் முன்னால் கைத்தடி பிடித்தவன் மாதிரி ஆகிவிடுவேனோ என்று இருந்தது. உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ முதலில் போலீஸ்காரி, அப்புறம்தான் தங்கை என்று நினைத்திருந்தேன்.

உன் உத்தரவுத் தாளைக் கிழித்து இதோடு திருப்பி அனுப்புகிறேன். நான் போலி செய்தேனா என்று மூன்று கடிதம் கேட்டவள், எனக்காக ஒரு போலித் தாள் எழுதி அனுப்பியிருக்கிறாய். அதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை. பிப்ரவரி 6 என்று போட்டுவிட்டுக் கறுப்பு மையில் எழுதியிருக்கிறாய். உன் மேசையிலிருந்து கறுப்பு மையில் தாள் வர ஆரம்பித்ததே மார்ச்சில், நான் கேட்ட பிறகு. அதற்கு முந்தைய உன் தாள் எல்லாம் நீலம் என்று நெட்டை சிரிக்கிறான். உன் மாதிரி ஒருத்தி அந்தக் கோப்பைப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் பிடித்துவிடுவாள். அப்புறம் தாடிக்கு ஆனதுதான் உனக்கும்.

நேற்று மேலாளருக்கு நானே எழுதி லாரியில் அனுப்பிவிட்டேன். 'எனக்குக் கண் தெரியவில்லை. வெள்ளைக் களி வந்தது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பேன். பைகளில் இருப்பது துளையில் வந்தது. சந்தேகம் இருந்தால் பக்கத்திலேயே இன்னொரு துளை போட்டுப் பாருங்கள்.' இவ்வளவுதான் எழுதினேன். கீழே நெட்டையும் கையெழுத்துப் போட்டான். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

குழிச்சுவரைப் பற்றி நீ எழுதியதை மறக்காமல் அறிக்கையில் போடு. மணல் எங்கும் ஓடிப் போகாது. உள்ளே நிற்பது நம் ஆட்கள்.

அண்ணன்

---

ஏப்ரல் 16
முகாம்

அண்ணா,

உங்கள் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் லாரியில் ஊருக்குப் போன அன்றே நான் ஜீப்பில் இங்கே வந்துவிட்டேன். வழியில் எங்கோ இரண்டு வண்டியும் ஒன்றை ஒன்று தாண்டியிருக்க வேண்டும். உங்கள் மேசைக்காலில் நூல் போட்டுக் கட்டியிருக்கும் பூதக்கண்ணாடியைப் பார்த்தேன். சாஸர் அளவு இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு என் எறும்பு எழுத்தைப் படித்திருக்கிறீர்கள்.

மேலாளர் என் அறிக்கையையும் நம்பவில்லை, உங்கள் கடிதத்தையும் நம்பவில்லை. "கண்ணு தெரியலன்னா நல்ல சாக்கு"ன்னு சொன்னார். அதனால் முப்பத்தேழுக்கு மூன்று மீட்டர் தள்ளி இன்னொரு துளை போட்டோம். பையை எங்கள் யாரையும் தொட விடவில்லை. அவரே ஒவ்வொன்றையும் வாங்கி, அவரே வாய் கட்டினார். பதினேழில் வெள்ளைக் களி வந்ததும் நெட்டை வழக்கப்படி கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லப் போனார். நான் வேண்டாம் என்றேன். இருபத்துமூன்று தாண்டியதும் களி நின்று மஞ்சள் மணல் வந்தது. இருபத்தொன்பது வந்தது. மேலாளர் பைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து விரித்துப் பார்த்தார். கறுப்பு. இரண்டாவது பிடியும் எடுத்துப் பார்த்தார். பிறகு, "அவர் கண்ணு எப்ப ஆபரேஷன்?" என்று கேட்டார்.

முகாம் கலையவில்லை. பதினொரு துளைகளையும் மறுபடி ஆழப்படுத்தப் போகிறோம். குழியின் கிழக்குச் சுவர் வரைபடத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உங்கள் பழைய தாள்களை எல்லாம் சோதித்தார்கள். நெட்டை நின்ற நாளில் ஒரு பிழையும் இல்லை. கோப்பில் உங்கள் பெயருக்கு எதிரே 'தவறு' என்று எழுதியிருக்கிறார்கள். 'போலி' என்று யாரும் எழுதவில்லை. விதித்தாளின் பெயருக்கு எதிரேயும் 'தவறு' என்று எழுதச் சொன்னேன். அதில் என் கையெழுத்து இருக்கிறது.

கண் டாக்டர் சரி என்று எழுதிக் கொடுக்கும்வரை ரிக் உங்களுக்கு இல்லை. அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார் மேலாளர். அதற்குமேல் அவரிடம் கேட்க என்னால் முடியவில்லை. நான் கேட்டால் தங்கை கேட்கிறாள் என்று ஆகிவிடும்.

தங்கை

---

ஜூன் 8
வீடு

தங்கச்சிக்கு,

இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் முடிந்து கட்டும் அவிழ்த்தாயிற்று. பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. வீட்டுச் சுவர் வெள்ளையாம். நான் இத்தனை நாள் சந்தன நிறம் என்று நினைத்திருந்தேன். உன் அண்ணிக்கு முடி நரைத்திருக்கிறது, அதைச் சொன்னதற்கு இரண்டு நாள் பேசவில்லை. டாக்டர் கொடுத்த தாளை மேலாளருக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் இன்னும் பதில் போடவில்லை. போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி என்று சொல்ல ஆசைதான். தினமும் தபால்காரனுக்காக வாசலில்தான் நிற்கிறேன்.

நேற்றுக் காலை பெட்டியைத் திறந்து உன் மார்ச் 3 கடிதத்தை எடுத்தேன். நீல மையில் எறும்பு எழுத்து, எல்லாம் நன்றாகத் தெரிகிறது. கீழே, கையெழுத்துக்கு அடியில், மூன்று வரி இருக்கிறது. தாள் நிறத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லாத மாதிரி, லேசாக எழுதியிருக்கிறாய்.

'அண்ணா, இது நகலில் வராது. நீங்கள் செய்தே இருந்தாலும் என்னிடம் சொல்லிவிடுங்கள். இந்த அறிக்கையை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லிவிடுகிறேன். உங்களைப் பற்றி எழுத எனக்குக் கை வராது.'

முதல் நாளே இதை எழுதி வைத்திருக்கிறாய். இதற்கு நான் பதில் சொல்லவில்லை என்றுதான் அடுத்த கடிதத்திலிருந்து நீ அப்படி எழுத ஆரம்பித்தாய். இதைப் பார்க்காமல்தான் நான் உன்னைப் போலீஸ்காரி என்று திட்டினேன். வாசல்படியில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உன் அண்ணி வந்து, கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று அதட்டிவிட்டுப் போனாள்.

நான் திரும்ப ரிக்குக்குப் போனால் கிழக்கு வரிசைப் பைகளில் முதல் லாரி உன் மேசைக்குத்தான் வரும். அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். பென்சிலில்தான்.

அண்ணன்

என் பைகளை வேறு யாரிடமும் கொடுக்காதே. நீயே பார். சந்தேகப்பட்டே பார்.